வேற்றுலக மொழியும் துபாஷிக் குடும்பங்களும்: எல்ஜினின் ‘நேட்டிவ் டங்’ நாவல் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

வேற்றுலகத்தாரை மாந்தர் முதன்முதலாக எதிர்கொள்ளும் நிகழ்ச்சி அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களுள் ஒன்றாகும். இவ்வகைக் கதைகளைப் படிப்போர் போர், அச்சம், வியப்பு, வணிகம் ஆகியவற்றிலேயே மனம் செலுத்துவது இயல்பு. ஒருவர் கூற்றை மற்றவர் அறிவது எவ்வாறு? அந்த அறிவு யாரிடம் தங்கும்? அதனைப் பெறுவதற்கு யார் என்ன விலை கொடுப்பர்? இவ்வினாக்கள் பெரும்பாலும் பின்தள்ளப்படுகின்றன. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவையே முதன்மையான வினாக்கள்.

இவ்வினாக்களை நடுவில் வைத்து எழுதப்பட்ட நாவல் அமெரிக்க மொழியியலறிஞர் சூசெட் ஹேடன் எல்ஜினின் ‘நேட்டிவ் டங்’ (1984). அந்நாவலையும், அது நினைவூட்டும் துபாஷிக் குடும்பங்களின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. அயலார் மொழியை அறிந்தோர் சிலரே இருக்கும் இடத்தில் அம்மொழியறிவு குடும்பச் சொத்தாகிறது. சொத்தானவுடன் போட்டியும் பகையும் உடன் வருகின்றன. அச்சொத்தை ஈட்டும் உழைப்பு குழந்தைகளுடையதாகவும் பெண்களுடையதாகவும் இருந்தும் கணக்கில் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை. எல்ஜினின் நாவல் இதனை எடுத்துக்காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. முற்பட்ட கதைகளில் மொழி

2.1 மரே லெய்ன்ஸ்டர் 1945-இல் எழுதிய ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ என்னும் சிறுகதை இவ்வகைக்குப் பெயர் தந்தது எனலாம். நண்டு ஒண்முகிற்படலத்தில் மாந்தர் கப்பலும் வேற்றுலகத்தார் கப்பலும் எதிர்ப்படுகின்றன. தத்தம் தாயகம் இருக்கும் இடத்தை மற்றவர் அறிந்துவிடலாகாது என்னும் அச்சமே கதையின் முடிச்சு. மொழிச்சிக்கலோ பொறியொன்றின் உதவியால் விரைவில் தீர்ந்துவிடுகிறது. அதாவது, இக்கதையில் மொழி ஒரு கருவி மட்டுமே. கருவிக்குக் குடும்பமும் இல்லை, குழந்தைப் பருவமும் இல்லை.

2.2 எச். பீம் பைப்பரின் ‘ஆம்னிலிங்குவல்’ (1957) ஒரு படி முன்னேறுகிறது. அழிந்துபோன செவ்வாய்க் கோளினரின் எழுத்துகளைப் படிக்க முயலும் ஆய்வாளர்களுக்கு இருமொழிக் கல்வெட்டு எதுவும் கிட்டவில்லை. முடிவில் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையே இருமொழிக் கல்வெட்டின் பணியைச் செய்கிறது. இது நுட்பமான கருத்து. எனினும் இங்குப் பேசுவோர் உயிருடன் இல்லை.

2.3 சாமுவேல் டிலேனியின் ‘பேபல்-17’ (1966) மொழி சிந்தனையை மாற்றும் என்னும் கருதுகோளைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அங்கே மொழியைக் கற்பவள் தனியொருத்தி. கவிஞராகவும் மொழித்திறன் மிக்கவராகவும் அவர் படைக்கப்பட்டுள்ளார். மொழியறிவு தனிமனித மேதைமையாகவே நிற்கிறது. அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ஒரு வீட்டுத் தொழிலாக மாறுவதை எல்ஜினிடமே முழுமையாகக் காண்கிறோம்.

3. வரலாற்றில் துபாஷிக் குடும்பங்கள்

3.1 எல்ஜின் கற்பித்த உலகம் புதுமையானதாகத் தோன்றினும் வரலாற்றில் அதற்கு இணைகள் உள்ளன. உதுமானியப் பேரரசில் அயல்நாட்டாருடன் பேசும் தலைமைத் துபாஷிப் பதவி 1661-இல் பனயோத்திஸ் நிகூசியோஸ் என்னும் கிரேக்கரிடம் வந்தது. 1673-இல் அலெக்சாண்டர் மவ்ரோகோர்தாத்தோஸ் அதனை ஏற்றார். பின்னர் அவர் மகன் நிக்கோலசும் அப்பதவியை வகித்து, 1709-இல் மால்டேவியாவின் ஆட்சியாளராக உயர்ந்தார். இவ்வாறு துபாஷிப் பதவி அரசுகட்டிலுக்குப் படிக்கட்டாயிற்று. இஸ்தான்புல்லின் ஃபனார் பகுதிக் கிரேக்கக் குடும்பங்கள் சில தமக்குள் போட்டியிட்டு அப்பதவியைத் தம் கையிலேயே வைத்திருந்தன. 1821-இல் கிரேக்கர் கிளர்ச்சி வெடித்தபோது, அப்போதைய தலைமைத் துபாஷி கான்ஸ்டன்டைன் மூரூசிஸ் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே அரசு தனக்கென ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தை நிறுவியது. இரு பக்கமும் பேசத் தெரிந்தவரை இரு பக்கமும் ஐயுறும் என்பதற்கு இது சான்று.

3.2 ஜப்பானில் டச்சு வணிகர் 1641-இல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமாத் தீவுக்கு மாற்றப்பட்ட பின், அவர்களுடன் பேசும் பணி பரம்பரைத் துபாஷிக் குடும்பங்களிடம் இருந்தது. மொத்தோக்கி, யோஷியோ, நிஷி, ஷிசுக்கி முதலிய குடும்பப் பெயர்கள் இவ்வகையில் அறியப்பட்டவை. ஷிசுக்கி தடாவோ அப்பணியைத் துறந்து மொழியாய்வில் ஈடுபட்டவர். நாட்டைப் பூட்டி வைத்தலைக் குறிக்கும் ‘சகோக்கு’ என்னும் சொல்லை 1801-இல் ஒரு மொழிபெயர்ப்பின் வழி அவரே ஆக்கினார். பூட்டிய நாட்டின் திறவுகோலை வைத்திருந்த குடும்பத்தவரே பூட்டுக்குப் பெயரிட்டார் என்பது சிந்தனைக்குரியது.

3.3 தமிழகத்துக்கு அண்மைய சான்று புதுச்சேரி. ‘துபாஷி’ என்னும் சொல்லே இருமொழியாளன் என்னும் பொருளது. ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, தலைமைத் துபாஷிப் பதவி இரு குடும்பங்களுக்கிடையே போட்டிப் பொருளாக இருந்ததை விரிவாகக் காட்டுகிறது. 1746-இல் கனகராய முதலியார் மறைந்ததும், அப்பதவி அவர்தம் குடும்பத்திலேயே நிற்குமா, பிள்ளையின் குடும்பத்துக்கு வருமா என்னும் வினா ஊரையே அலைக்கழித்தது. சமயம், சாதி, வணிகக் கடன், ஆளுநர் வீட்டின் தயவு ஆகிய அனைத்தும் அதில் கலந்திருந்தன. மொழித்திறன் மட்டும் பதவியைத் தரவில்லை. எனினும் மொழித்திறன் இல்லாமல் பதவியை நினைக்கவும் இயலாது.

3.4 மொழியைக் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டவேண்டும் என்னும் எண்ணமும் பழையதே. வெனிஸ் அரசு 1551 முதல் இளைஞர்களைத் துருக்கி மொழி கற்க இஸ்தான்புல்லில் வைத்திருந்தது. பிரான்சு 1669-இல் ஓர் ஆணையின்வழி ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்களைக் கடல் கடந்து அனுப்பி, அங்கிருந்த கப்புச்சின் துறவியர் மடங்களில் தங்கிப் பயிலச் செய்தது. அவர்கள் ‘மொழி இளைஞர்’ எனப்பட்டனர். அரசின் தேவைக்காகக் குழந்தையின் செவியும் நாவும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டன. இச்செய்தியை நினைவிற் கொண்டு எல்ஜினின் நாவலுக்குள் நுழைவது நலம்.

4. எல்ஜினும் நாவலும்

4.1 எல்ஜின் 1936-இல் பிறந்தவர். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நவஹோ மொழியின் தொடரியலை ஆராய்ந்து 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். கல்விக் கட்டணத்துக்காகவே அறிவியல் புனைகதை எழுதத் தொடங்கினார் எனக் கூறுவர். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்து 1980-இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே, சொல்லால் தாக்குவோரிடமிருந்து சொல்லாலேயே தற்காத்துக்கொள்வது எப்படி என்பது பற்றிய அவரது நூலும் வெளிவந்தது. 2015-இல் மறைந்தார். ‘நேட்டிவ் டங்’ நாவலைத் தொடர்ந்து ‘தி ஜூடாஸ் ரோஸ்’ (1987), ‘எர்த்சாங்’ (1994) ஆகியவை வந்தன.

4.2 1984-இல் எழுதப்பட்ட நாவல் 1991-ஆம் ஆண்டைத் திருப்புமுனையாகக் கொள்கிறது. அவ்வாண்டில் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை நீக்கப்பட்டு, அவர்கள் சட்டப்படி ஆண் காப்பாளரின் பொறுப்பில் உள்ள சிறார்க்கு நிகராக்கப்படுகின்றனர். ஏழாண்டுத் தொலைவிலேயே நிறுத்தப்பட்ட இவ்வெதிர்காலம் அக்கால வாசகரைத் திடுக்கிடச் செய்திருக்கும். கதை நிகழும் பின்னூற்றாண்டுகளில் மாந்தரின் செல்வம் வேற்றுலக வணிகத்தைச் சார்ந்துள்ளது. அவ்வணிகம் பதின்மூன்று மொழியியல் குடும்பங்களைச் சார்ந்துள்ளது. இக்குடும்பங்கள் ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’ எனப்படுகின்றன. தமிழில் ‘கொடிவழி’ என்பது இதற்கு இயைபான சொல்.

4.3 பிற மக்கள் கொடிவழியினரை வெறுக்கின்றனர். செல்வத்தைக் குவித்து வைத்திருப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் பெருங்கூட்டு வீடுகளில் சிக்கனமாக வாழ்கின்றனர். அரசுக்கோ அவர்களின்றி இயங்க முடியாது. அவர்களைச் சார்ந்திருப்பதும் பிடிக்காது. மூரூசிஸின் நிலையை இங்கு ஒப்புநோக்கலாம்.

5. குழந்தை கொடுக்கும் விலை

5.1 ஒவ்வொரு மொழியியல் வீட்டிலும் ‘இடைமுகம்’ என்னும் அறை உண்டு. தடுப்பின் ஒரு பக்கம் வேற்றுலகத்தார் தங்கியிருப்பர். மறுபக்கம் வீட்டுக் கைக்குழந்தைகள் விடப்படுவர். குழந்தை, தாயின் மொழியைப் பெறுவது போலவே வேற்றுலக மொழியையும் பெறும். வளர்ந்தபின் அக்குழந்தையே அம்மொழிக்கு உரிய துபாஷி. விளையாட்டுப் பருவத்திலேயே வணிகப் பேச்சுகளில் அமர்ந்து பணியாற்றவேண்டும். முதல்மொழிப் பேற்றுக்கு உரிய பருவம் ஒன்று உண்டு என்னும் மொழியியற் கருத்தை எல்ஜின் ஒரு தொழில்முறையாகவே மாற்றிக் காட்டுகிறார். கருத்தளவில் நாம் ஏற்கும் ஒன்று நடைமுறையானால் எத்தகைய வீடு உருவாகும் என்பதே அவர் காட்டுவது.

5.2 மாந்த வடிவினர் அல்லாத வேற்றுலகத்தாரிடம் இம்முறை செல்லாது என்பது கொடிவழியினர் அறிந்த உண்மை. உடலும் புலன்களும் முற்றிலும் வேறானவர் காணும் உலகைக் குழந்தையின் மனம் தாங்காது. அரசு இதனை ஏற்க மறுத்துப் பிறர் குழந்தைகளைக் கொண்டு மறைவாக முயல்கிறது. குழந்தைகள் இறக்கின்றன. மிக்கேலா லாண்ட்ரி என்னும் செவிலியின் குழந்தையை அவள் கணவன் அவளைக் கேளாமலேயே கொடுத்துவிடுகிறான். குழந்தை இறந்தபின் மிக்கேலா கணவனைக் கொல்கிறாள். பிறகு மொழியியலாரே காரணம் என நம்பி அவர்கள் வீடுகளில் செவிலியாக அமர்ந்து பழிதீர்க்கிறாள். அங்குள்ள பெண்களுடன் பழகியபின்தான் அவர்களும் தன்னைப் போன்றவர்களே என்று உணர்கிறாள். வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள பகையாகத் தொடங்கியது, ஒவ்வொரு வீட்டினுள்ளும் உள்ள பகையாகத் தெளிவடைகிறது.

6. வீட்டினுள் நிகழும் முதற்சந்திப்பு

6.1 நாவலின் தலைமைப் பாத்திரமான நாசரெத், கொடிவழிகளின் தலைவர் தாமஸ் சோர்னியாக்கின் மகள். மொழித்திறனில் எவர்க்கும் குறைந்தவள் அல்லள். அவள் மணமும் உழைப்பும் பிள்ளைப்பேறும் தந்தையின் கணக்கிலேயே அடங்குகின்றன. நோயினால் பிள்ளைப்பேற்றுக்குரிய உறுப்பை இழந்தபின், அத்தகைய பெண்களுக்கென உள்ள ‘மலடியர் இல்லம்’ அவளுக்கு இடமாகிறது. அங்குள்ள பெண்கள் பயனற்ற ஒரு செயற்கைமொழியை ஆக்கிப் பொழுதுபோக்குவதாக ஆண்கள் எள்ளுகின்றனர். அது திரை. திரைக்குப் பின்னே ‘லாஅடன்’ என்னும் உண்மையான மொழியொன்று வளர்கிறது.

6.2 வேற்றுலகத்தாரின் நுண்பொருளையெல்லாம் உணரவல்ல ஆண்கள், தம் வீட்டுப் பெண்கள் பேசுவது ஒரு மொழி என்பதையே உணரவில்லை. நாவலின் முதன்மையான முதற்சந்திப்பு கோளுக்கும் கோளுக்கும் இடையில் நிகழ்வதன்று. ஒரே கூரையின்கீழ் நிகழாமலே போவது. முடிவில், முறையிடுவதை நிறுத்திவிட்ட பெண்களுடன் வாழ்வது ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களே பெண்களுக்குத் தனி வீடுகள் கட்டித் தருகின்றனர். பெண்கள் விரும்பியது அதுவே.

6.3 லாஅடன் கதைக்குள் மட்டும் உள்ள மொழி அன்று. எல்ஜின் 1982 சூன் 28-இல் அதனை ஆக்கத் தொடங்கினார். அதன் அகராதியும் இலக்கணமும் 1985-இல் வெளிவந்தன. அதன் தொடர் பேச்சுச்செயலைக் காட்டும் இடைச்சொல்லுடன் தொடங்கும்: கூற்று, வினா, வேண்டுகோள், வாக்குறுதி, எச்சரிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. கட்டளைக்கும் உண்டு, ஆனால் அது சிறு குழந்தைகளிடம் அன்றி அரிதாகவே வழங்கும். ‘நான் கட்டளையிடவில்லை, கேட்டுக்கொண்டேன்’ என்று பின்னர் மறுக்கும் வழி இதனால் அடைபடுகிறது. குடும்பச் சண்டைகளின் இலக்கணத்தை அறிந்த ஒருவரே இவ்வமைப்பை எண்ணியிருக்க முடியும்.

6.4 கூற்றுத்தொடரின் இறுதியில் சான்றுணர்த்தும் இடைச்சொல் வரும். தானே உணர்ந்தது, எவர்க்கும் வெளிப்படையானது, கனவிற் கண்டது, கற்பனை செய்தது, உண்மையோ பொய்யோ அறியாதது ஆகியன வேறுபடுத்தப்படுகின்றன. பிறர் சொல்லக் கேட்டதும் இருவகைப்படும். ‘வஅ’ என்னும் ஈருயிர்ச் சொல்லில் உயர்தொனி முதல் உயிரில் விழுந்தால், சொன்னவரை நம்புவதால் உண்மையெனக் கொண்டது. இரண்டாம் உயிரில் விழுந்தால், சொன்னவரை நம்பாமையால் பொய்யெனக் கொண்டது.

6.5 சொற்றொகுதியும் கருதத்தக்கது. விடுமுறை எனப் பெயர் பெற்றும், விருந்தினர் கூட்டத்தாலும் ஆயத்த வேலையாலும் சுமையாகவே ஆகிவிடும் நாளை ‘ரடீடின்’ என்னும் ஒரு சொல் குறிக்கும். கேட்கப்படவேண்டும் என்று ஒருவர் ஏங்குவதை அறிந்தும் தீய எண்ணத்தோடு கேளாதிருத்தலுக்கு ஒரு சொல். நயம் கருதிக் கேளாதிருத்தலுக்கு மற்றொரு சொல். இவ்விரண்டும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. தீமைப் பொருளைத் தருவது இறுதியில் சேரும் உரசு மருங்கொலி. பண்டிகைக்கு முந்தைய இரவில் அடுக்களையை நோக்கிய எவர்க்கும் முதற்சொல்லின் தேவை விளங்கும்.

7. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குச் சில குறிப்புகள்

7.1 இந்நாவலைத் தமிழாக்க முனைவோர்க்குத் தலைப்பே முதற் சிக்கல். ‘நேட்டிவ் டங்’ என்பதில் தாய் இல்லை. ‘தாய்மொழி’ என்பதில் தாய் உண்டு. குழந்தையின் முதல்மொழியைத் தாயிடமிருந்து பிரித்துத் தொழிலாக்கும் கதைக்குத் ‘தாய்மொழி’ என்னும் தலைப்பு மூலத்தில் இல்லாத ஒரு முரண்சுவையைச் சேர்த்துவிடும். அது இழப்பன்று, கூடுதல் என்றே கொள்ளலாம். ஆயினும் அறிந்தே செய்யவேண்டும்.

7.2 கொடிவழிகள் தமக்குள் மணவுறவு கொள்கின்றன. ஆங்கிலத்தில் ‘கசின்’ என்னும் ஒரு சொல் நிற்குமிடத்தில், தமிழ் மணமுறை உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தே பேசும். எனவே மூலம் சொல்லாது விட்ட உறவுமுறையைத் தமிழாக்குவோர் தாமே வரையறுக்க நேரும். மறுபுறம், ஆங்கிலத்தில் பல சொற்களால் விளக்கவேண்டியதைத் தமிழ் ஒரே சொல்லில் தரும் இடமும் உண்டு. ‘பங்காளி’ என்பது சொத்தில் பங்குடையவன், உறவினன் என்னும் பொருள்களோடு பகைக்கு இடமாகக் கூடியவன் என்னும் குறிப்பையும் உடன் தருகிறது. பதின்மூன்று குடும்பங்களின் உறவைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் இல்லை.

7.3 சான்றுணர்த்தல் தமிழுக்குப் புதிதன்று. ‘வந்தான்’, ‘வந்தானாம்’, ‘வந்தான் போலும்’ என்பவற்றின் வேறுபாடு எவர்க்கும் தெரியும். ஆயின் ‘வந்தானாம்’ என்பதில் சொன்னவர் மீது நம்பிக்கை உண்டா, ஐயம் உண்டா என்பதை எழுத்து காட்டாது. குரலின் ஏற்ற இறக்கமே காட்டும். லாஅடன் எழுத்திலேயே வேறுபடுத்தும் இடத்தில், தமிழாக்குவோர் ‘ஆம்’ என்பதோடு நின்றுவிட இயலாது. அதேவேளை, ஆங்கிலம் சுற்றிச் சொல்வதைத் தமிழ் ஓர் ஒட்டினாலேயே சொல்லிவிடும் வாய்ப்பையும் கைவிடலாகாது.

8. மதிப்பீடு

8.1 நாவலின் அடிப்படை, மொழி மாறினால் உலகமும் மாறும் என்னும் வன்மையான கருதுகோள். சபீர், வோர்ஃப் ஆகியோர் பெயரால் வழங்கும் இக்கருத்து எல்ஜின் எழுதிய காலத்திலேயே ஐயத்துக்கு உள்ளாகியிருந்தது. ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் வடிவங்கள் இல்லை என்னும் வோர்ஃபின் கூற்றை எக்கேஹார்ட் மலோட்கி 1983-இல் விரிவான தரவுகளுடன் மறுத்தார். பெண்கள் அனைவர்க்கும் பொதுவான ஓர் உணர்வுலகம் உண்டு என்னும் எல்ஜினின் முற்கோளும் கேள்விக்குரியது. செவிலியும் தலைவர் மகளும் ஒரே நிலையினர் அல்லர் என்பதை அவர் கதையே காட்டுகிறது.

8.2 பாராட்டத்தக்கது, எல்ஜின் தம் கருதுகோளைக் கதையோடு விட்டுவிடாமல் சோதனைக்கு உட்படுத்தியது. லாஅடனைப் பெண்கள் ஏற்றுப் பயன்படுத்துவரா, அல்லது அதனினும் சிறந்த ஒன்றைத் தாமே ஆக்குவரா என்பதை அறியப் பத்தாண்டு எல்லை வகுத்தார். இரண்டும் நிகழவில்லை என 1990-களில் அவரே ஒப்புக்கொண்டார். லாஅடன் அகராதி வந்த அதே 1985-இல் மார்க் ஓக்ராண்டின் கிளிங்கோன் அகராதியும் வெளிவந்து, போர்க்குணம் மிக்க அம்மொழி பெரிதும் பரவியதை அவர் சுட்டிக்காட்டினார்.

8.3 டெட் சியாங்கின் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ (1998) என்னும் கதையும், அதனைத் தழுவிய ‘அரைவல்’ (2016) என்னும் திரைப்படமும் மொழியியலறிஞரான ஒரு தாயை முதற்சந்திப்பின் நடுவில் நிறுத்தின. அங்கும் மொழிக்கு விலை உண்டு. ஆனால் அவ்விலை ஒருத்தியின் துயரமாக நிற்கிறது. எல்ஜினிடம் அது ஒரு வீட்டின் வரவுசெலவுக் கணக்கு. வரலாற்று நோக்கில் எல்ஜினின் பார்வையே விரிவானது எனலாம்.

9. முடிவுரை

ஃபனார்க் குடும்பங்களும் நாகசாகிக் குடும்பங்களும் புதுச்சேரித் துபாஷிகளும் பெயரோடு வரலாற்றில் நிற்கின்றனர். அவர்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல்மொழி ஊட்டிய பெண்களின் பெயர்கள் அவ்வாறு நிற்கவில்லை. 1669-இல் கப்பலேற்றப்பட்ட சிறுவர்களைப் பற்றி ஆணை உண்டு. அவர்கள் இரவில் எம்மொழியில் அழுதார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை. எல்ஜினின் நாவல் இவ்வெற்றிடத்தை எதிர்காலத்தில் வைத்து நிரப்பிப் பார்க்கிறது.

இது புனைகதை ஆய்வோடு முடியும் செய்தி அன்று. எழுத்தில்லா மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் நாம், மொழித்தகவல் தந்த பெண்களையும் சிறுவர்களையும் முன்னுரையின் ஒரு வரியில் அடக்கிவிடுவது வழக்கமாக உள்ளது. அவர்கள் செலவிட்ட நாட்களையும், அதனால் அவர்கள் வீடுகளில் எழுந்த பூசல்களையும் நாம் பதிவதில்லை. மொழியறிவு எவருடைய உழைப்பால் எவருடைய சொத்தாயிற்று என்னும் வினாவை ஒவ்வோர் இலக்கணத்துக்கும் ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் எழுப்புவது நம் துறையின் கடமையாகும்.